வடக்கே நகர்ந்த வரலக்ஷ்மி

வருவாள். வராமல் எங்கே போய்விடுவாள், அதையும்தான் பார்க்கலாமே. சுகந்தி சுண்டல் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மறுபடியும் திறந்தாள். கடலைச் சுண்டல் கடலைச் சுண்டலாகத்தான் இருந்தது, எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை. விளக்கேற்றியாயிற்று. மேல் வீட்டுப் பெண்களும் கீழ் வீட்டுப் பெண்களும் வந்து, 'அம்மன் என்ன அழகு மாமி, கண்ணு பட்டுடும்' என்று சொல்லி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போயாயிற்று. இனி ஒருத்திதான் பாக்கி. நாத்தனார் அகிலா. ஆரத்தியைக்கூட அவளுக்காகத்தான் எடுக்காமல் வைத்திருக்கிறாள். எடுத்துவிட்டால் இன்றைய பூஜை முடிந்தது என்று அர்த்தம், முடிந்த பூஜைக்கு அவள் வந்து என்ன பிரயோஜனம்? ஹாலில் பால்கனியைப் பார்த்துக் கிழக்கு முகமாக உட்கார்ந்திருந்தாள் வரலக்ஷ்மி. வெள்ளிச் செம்பில் அரிசி நிரப்பி, மாவிலை சொருகி, மஞ்சள் பூசிய தேங்காயில் அந்த வெள்ளி முகத்தைக் கட்டி, குட்டிப் பட்டுப்பாவாடை, தாழம்பூ பின்னல், கழுத்தில் சுகந்தியின் சொந்தக் காசுமாலை. இந்த வருஷம் பாவாடைக் கொசுவம் ஒரே தடவையில் அமைந்துவிட்டதே, அது நல்ல சகுனம் இல்லாமல் வேறென்ன? கல்யாணமாகி வந்த நாளாக அந்தக் கொசுவம் அவள் கைக்கு அமைந்ததே கிடையாது. 'தள்ளு மன்னி, நீ மடிச்சா அம்மன் தூங்கி எழுந்த மாதிரி இருப்பா' என்று சொல்லி அகிலாதான் பிடுங்கி மடிப்பாள். இந்த வருஷம் தானாக அமைந்தது. அமைந்தால் வருவாள் என்று நேற்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் மடித்தாள். அமைந்துவிட்டது. ஆகவே வருவாள். அடி அசடே, அமைந்துவிட்டது என்றால் இனிமேல் மடிக்க அவள் தேவையில்லை என்றுகூட அர்த்தம் இருக்கலாமே என்று உள்ளே ஏதோ ஒன்று முணுமுணுத்தது. சும்மா கிட, நல்ல நாளும் அதுவுமாக, என்று அதை அதட்டிவிட்டு லிஃப்ட் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தாள்.

லிஃப்ட் ஏறியது. இந்த மாடியில் நிற்கும் என்று நினைத்தாள், மேலே போய்விட்டது. போகட்டும், மேல்வீட்டுக்காரராக இருக்கும். 'பாக்கறேன்' என்றுதானே சொன்னாள் அகிலா. புதன்கிழமை, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, குங்குமச் சிமிழும் பூவுமாகக் கே.கே. நகருக்குப் போய், அவள் வீட்டு ஹாலில் அவள் மாமியார் எதிரில் நின்று, நெற்றியில் குங்குமம் இட்டு, 'வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்மாத்துக்கு வரணும் அகிலா' என்று சொன்னதற்குக் கிடைத்த ஒரே வார்த்தை. பாக்கறேன். இந்த ஊரில் பாக்கறேன் என்று சொல்லாத மனுஷா யார்? குழாய் ரிப்பேர்க்காரன் பாக்கறேன் என்றால் அடுத்த மாசம். தன் வீட்டுக்காரர் பாக்கறேன் என்றால் நடக்காது. ஜாதகம் வாங்கிக்கொண்டு போன பிள்ளை வீட்டுக்காரர்கள் பாக்கறோம் என்றால் கும்பிட்டு வழியனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் அகிலா அப்படிப்பட்டவள் இல்லையே, வரமாட்டேன் என்றால் முகத்தில் அடித்த மாதிரி வரமாட்டேன் என்பவள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை! கவனிக்க வேண்டியது அதுதான். ஆனால் கதவைத் திறந்ததும் 'வாங்கோ' என்றாளே, அதை எங்கே கொண்டு வைப்பது? வாங்கோவாம். உக்காருங்கோவாம். காபி சாப்பிடறேளா என்று வேறு. ஒரே தட்டில் தோசை பிய்த்துத் தின்ற பெண், கல்யாணமான புதுசில் இந்த வீட்டில் இவளுக்கு இருந்த ஒரே துணை, மாமியார் ஏதாவது சொன்னால் 'அம்மா, மன்னியைச் சொல்லாதே' என்று முதலில் வந்து நிற்பவள், அவள் வாயால் வாங்கோ. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது சுகந்திக்கு. காபியைக் குடித்தாள், சர்க்கரை சரியாக அவளுக்குப் பிடித்த அளவுதான் போட்டிருந்தாள். மறக்கவில்லை, பார்த்தாயா! வருவாள்.

வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் தீர்மானமாகிவிட்டது. அலமாரியில் சிவப்பு வெல்வெட் பை தைத்துத் தயாராக இருக்கிறது. நாளைக் காலையில் புனர்பூஜை ஆனதும் அந்த வெள்ளி முகத்தை அவிழ்த்து, பால் விட்டு அலம்பி, அந்தப் பையில் போட்டு அகிலாவிடம் கொடுத்துவிடுவது. அதை நினைத்தாலே, பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்த பிள்ளை மாதிரி இருந்தது. இந்தா அகிலா, எடுத்துக்கோ, உங்கம்மாவோடது. அப்போது அவள் முகம் எப்படிப் போகும்! அடுத்த நிமிஷமே, எதற்குக் கொடுக்க வேண்டும்? மாமியார் தன் கையால், கல்யாணமான வருஷத்துத் தலை நோன்பு அன்று, 'இனிமே இவ உன் பொறுப்புடி' என்று இவளிடம்தானே எடுத்துக் கொடுத்தாள்? இடது கன்னத்தில் சின்னச் சொட்டை, மூக்கில் சிவப்புக்கல், வருஷா வருஷம் மை தீட்டித் தீட்டி இவளைத் தெரிந்துகொண்ட கண். அதைக் கொடுத்துவிட்டுக் கடையில் புதுசு வாங்கி வைத்தால் அது யாரோ மாதிரி அல்லவா உட்கார்ந்திருக்கும்? வேண்டாம். இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். மாமியார் காரியம் எல்லாம் முடிந்து பீரோவைத் திறந்த அன்று அகிலா ஒரு பட்டுப்புடவை கேட்கவில்லை, ஒரு நகை கேட்கவில்லை, 'அம்மன் முகத்தை நான் எடுத்துக்கட்டுமா' என்று மட்டும் கேட்டாள். இவள் உடனே, யோசிக்காமல், பட்டென்று, 'உங்காத்துலதான் நோன்பே வழக்கம் இல்லையே, உனக்கு எதுக்கு அது?' என்றாள். பொய்யில்லை. அகிலா புகுந்த வீட்டில் அந்த வழக்கம் கிடையாது, மாமியார் எடுத்து வைக்காமல் மருமகள் தானாக நோன்பு எடுத்துக்கொள்ளவும் முடியாது. அகிலாவும் லேசுப்பட்டவள் இல்லை. 'சரிதான், அம்மாவோட சேர்த்து வாசக்கதவையும் சாத்தியாச்சு' என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். முதல் வருஷம் துக்கம், பண்டிகையே இல்லை. அப்புறம் வந்த நோன்புகளுக்கு இவள் குடும்ப வாட்ஸ்அப்பில் தாமரைப்பூ படம் போட்டு 'அனைவரும் வருக' என்றாள். அகிலா கும்பிடும் கைகளை அனுப்பினாள். நோன்புக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடுவதை எந்த ஊரிலாவது கூப்பிட்டது என்று சொல்வார்களா? குங்குமம் கொடுத்துக் கூப்பிட்டால்தான் கூப்பிட்டது. அது புரிய இவளுக்கு இத்தனை நாள் ஆயிற்று, புரிந்ததும் பஸ் ஏறிவிட்டாள். அது போதாதா? போதும். லிஃப்ட்! இல்லை, கீழே போகிறது.

அடுப்பங்கரைக்குப் போய்க் கொழுக்கட்டையில் பூரணம் பிதுங்காததாக ஒரு தட்டுக்குத் தேர்ந்தெடுத்தாள். அகிலாவுக்கு வெல்லக் கொழுக்கட்டை, உளுந்து வேண்டவே வேண்டாம். ஹாலில் என்னவோ இழுபடும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் ஏதாவது செய்துகொண்டிருப்பார். நீலகண்டனுக்கு இன்று காலையிலிருந்தே உற்சாகம் தாங்கவில்லை, தங்கை வரப்போகிறாள் என்று வாய்விட்டுச் சொல்லாமல் ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஆண்பிள்ளைகளே இப்படித்தான், அழுகை வந்தால் ஒட்டடை அடிப்பார்கள். 'சுகந்தி, வந்து பாரேன்!' என்று கூப்பிட்டார். தட்டோடு வந்தாள். அம்மனைச் சுற்றிப் பச்சையும் சிவப்புமாக சீரியல் பல்பு எரிந்து எரிந்து அணைந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ ஒன்று சரியாக இல்லை. கோலம் அம்மனுக்கு வெளியே நின்றது. காலையில் பார்த்துப் பார்த்துப் போட்ட மாக்கோலம் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு வெறுமனே கிடந்தது.

"ஏன்னா, அம்மனை நகர்த்தினேளா?"

"வயர் எட்டலை. மெதுவாத்தான் நகர்த்தினேன், ஒரு பூ உதிரலை பாரு."

"எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம்தான். டி.வி. பிளக் கிட்ட."

"டி.வி. எந்தத் திக்கு?"

நீலகண்டன் டி.வி.யைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், பதில் அங்கே எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிறவர் மாதிரி. பால்கனி கிழக்கு. காலை வெயில் அங்கேதான் வந்து அடிக்கும், அதற்குத்தான் மூங்கில் தட்டி வாங்கித் தொங்கவிட்டிருக்கிறது. கிழக்கே பார்த்து நின்றால் இடது கைப்பக்கம் டி.வி. சுகந்தி தட்டைக் கீழே வைத்தாள். "வடக்குன்னா அது! ஐயோ, அம்மனை அனுப்பிச்சுட்டேளே!"

ஆமாம், அனுப்பிவிட்டார். நாளைக்குக் காலையில் புனர்பூஜை முடித்து, பால் நைவேத்தியம் பண்ணி, கலசத்தை இரண்டு கையாலும் பிடித்து வடக்கே ஒரு துளி நகர்த்தினால், அவ்வளவுதான், அம்மன் தன் இடத்துக்குப் போனாள் என்று அர்த்தம். மாமியார் அந்த ஒரு விரற்கடை நகர்த்தும்போது மூச்சே விடமாட்டாள். 'போயிட்டு வாம்மா, அடுத்த வருஷம் இதே வாசலுக்கு வா' என்று கண்ணில் ஜலத்தோடு சொல்லித்தான் நகர்த்துவாள். இந்த மனுஷன் சீரியல் பல்புக்காகப் பலகையோடு பிடித்து ஒரு முழம் இழுத்து வைத்திருக்கிறார்! இப்போது அங்கே உட்கார்ந்திருப்பது யார்? வெறும் செம்பு, வெறும் அரிசி, வெறும் தேங்காயா? கண் மை அப்படியேதான் இருந்தது, மூக்குக்கல் பளிச்சென்றுதான் இருந்தது, ஆனால் சுகந்திக்குப் பார்க்க பயமாக இருந்தது. இன்றைக்கா நடக்க வேண்டும் இது? அகிலா வருகிற நேரத்துக்கு அம்மன் இல்லாத வீடா? ஒருவேளை அதனால்தான் அவள் வரவில்லையோ, லக்ஷ்மி இறங்கிப் போகிற வீட்டுக்கு யார் ஏறி வருவார்கள்? அவர் இழுத்தது இப்போதுதானே, அவள் வராதது சாயங்காலத்திலிருந்தே அல்லவா? புத்தி ஒழுங்காகக் கணக்குப் பார்க்கிறது, நெஞ்சு கேட்கமாட்டேன் என்கிறது. "இப்ப என்ன, மறுபடி அந்தப் பக்கமே தள்ளிட்டாப் போச்சு" என்று நீலகண்டன் பலகையில் கை வைத்தார். "தெக்கேயா! கையை எடுங்கோ சொல்றேன்!" என்று இவள் போட்ட சத்தத்தில் அவர் எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாவமாகவும் இருந்தது, நாலு சாத்தலாம் போலவும் இருந்தது. எதிர்வீட்டு மாமியைக் கேட்கலாமா? அவர்கள் வீட்டில் நகர்த்துகிற வழக்கமே இல்லை, ஒரு பூவை எடுத்தால் முடிந்தது. வீட்டுக்கு வீடு ஒரு முறை. இந்த வீட்டு முறை தெரிந்த மாமியார் இல்லை. இன்னொருத்திக்குத் தெரியும், பாவாடை கட்டிய நாளிலிருந்து இந்த அம்மன் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு.

போனை எடுத்தாள், வைத்தாள். கூப்பிட்டால், ஏன் வரவில்லை என்று நச்சரிக்கிற மாதிரி ஆகிவிடாதா? அதுவும் வாங்கோ போங்கோ என்று பேசுகிறவளிடம்? இல்லை, இதைக் கேட்காமல் இருந்தால் அது மகாபாவம், அம்மன் விஷயத்தில் என்ன ரோஷம். அப்படிச் சொல்லிக்கொண்டாளே தவிர, நெஞ்சு அடித்துக்கொண்டது அம்மனுக்காக மட்டும் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கூப்பிட ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் எவ்வளவு பெரிய காரணம்! பயத்துக்கு நடுவே வெட்கம்கெட்ட ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அழுத்திவிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அகிலா. பின்னால் பஸ் ஹாரன் சத்தம் கேட்டது.

"அகிலா, உங்கண்ணா அம்மனை வடக்கே நகர்த்திட்டார்!"

"என்னது?"

"சீரியல் பல்பு போடறேன்னு பலகையோட இழுத்துட்டார். டி.வி. பக்கம். வடக்கே!"

"அவனுக்கு மூளை கீளை இருக்கா? நீ எங்க போயிருந்தே? அம்மனைத் தனியா விட்டுட்டு உள்ள என்ன வேலை உனக்கு? ஆரத்தி எடுத்தாச்சா?"

"இல்லை, நீ வருவேன்னு…"

"தொடாதே. அவனையும் தொட விடாதே. ஆரத்தி கரைச்சு வை, வரேன்."

வைத்துவிட்டாள். சுகந்தி போனைக் கையில் பிடித்தபடி நின்றாள். திட்டினாளே! உனக்கு என்ன வேலை என்று கேட்டாளே! ஒரு வாங்கோ இல்லை, ஒரு மரியாதை இல்லை, வாய்க்கு வந்தபடி, பழையபடி! "என்ன சொன்னா?" என்று நீலகண்டன் பயந்துகொண்டே கேட்டார். "உங்களுக்கு மூளை இருக்கான்னு கேட்டா" என்று சொல்லும்போது இவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மனை அனுப்பிவிட்டு நின்று சிரிக்கிற குடும்பம் உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கும். தட்டில் தண்ணீர் விட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்தாள், அவசரத்தில் புடவையெல்லாம் தெறித்தது. கே.கே. நகரிலிருந்து வருவதென்றால் இன்னும் நேரம் ஆகும், அதற்குள் புடவையை மாற்றிக்கொள்ளலாமா, கொழுக்கட்டையை ஆவியில் வைக்கலாமா, முகத்தை இப்போதே கொடுப்பதாகச் சொல்வதா சாப்பிட்டபிறகா, அவளே முந்திக்கொண்டு கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது. மஞ்சள் கையோடு ஓடிப்போய்த் திறந்தாள். அகிலா. அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ, நெற்றியெல்லாம் வியர்வை, படியேறி வந்த மூச்சு.

"பறந்தா வந்தே?" என்றார் நீலகண்டன்.

"கீழதான் இருந்தேன்."

"கீழன்னா?"

"பிள்ளையார் கோயில்கிட்ட. விளக்கேத்தற நேரத்துலேர்ந்து அதையேதான் சுத்திண்டிருக்கேன். ஏறலாமா, திரும்பிப் போயிடலாமான்னு. போறும், கேள்வி கேட்டது. தள்ளு."

செருப்பை உதறிவிட்டு நேரே அம்மன் எதிரில் போய் நின்றாள். நின்று அம்மன் முகத்தையே பார்த்தாள். சுகந்திக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. சொட்டைக் கன்னத்தையா பார்க்கிறாள், கேட்கப்போகிறாளா? அகிலா குனிந்து பலகையின் ஒரு ஓரத்தைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் பிடி. வாசல் வரைக்கும் தூக்கிண்டு போய், ஆரத்தி சுத்தி, மறுபடி உள்ள அழைச்சுண்டு வந்துடலாம்." "வருவாளா அகிலா? அனுப்பிச்சப்பறம்?" "வீடு தேடி வந்து கூப்பிட்டா யார்தான் வராம இருப்பா?" என்றாள் அகிலா, அம்மனைப் பார்த்துக்கொண்டே. சாஸ்திரத்தில் அப்படி இருக்கிறதோ இல்லையோ, சுகந்தி கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகத் தூக்கினார்கள். பலகை கனத்தது, அரிசி கனமா அம்மன் கனமா என்று சொல்ல முடியாது. நீலகண்டன் முன்னால் போய்க் கதவை அகலத் திறந்தார். வாசல் கோலத்தில் இறக்கி வைத்து, சுகந்தி ஆரத்தி சுற்றினாள். அகிலா பாட ஆரம்பித்தாள், அம்மா பாடுகிற அழைப்புப் பாட்டு. குரல் இரண்டாவது வரியில் உடைந்துவிட்டது. சுகந்தி அந்த வரியை எடுத்துக்கொண்டாள். இவளுக்குச் சுருதியே சேராது, அதைப்பற்றி யாருக்குக் கவலை? வலது காலை முன்வைத்து இரண்டு பேரும் ஒன்றாக வாசற்படி தாண்டினார்கள், கோலத்துக்கு நடுவில் இறக்கினார்கள். இப்போது அங்கே இருந்தது வெறும் செம்பு இல்லை, அது சுகந்திக்கு நன்றாகத் தெரிந்தது, பசி தெரிகிற மாதிரி.

விழுந்து நமஸ்காரம் பண்ணி எழுந்ததும் இனி ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று ஓடிப்போய் வெல்வெட் பையை எடுத்துவந்தாள். மூச்சு விடாமல் சொல்லித் தீர்த்தாள். "நாளைக்குப் புனர்பூஜை ஆனதும் முகம் உன்னோடதுதான். அன்னிக்கே கொடுத்திருக்கணும், நீ எடுத்துண்டு போ, நான் மனசாரச் சொல்றேன்." அகிலா பையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "தையல் கோணல்" என்றாள். பிறகு அதை அம்மன் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

"எடுத்துண்டு போய் எங்க வெப்பேன் மன்னி? நீ சொன்னது சரிதான், எங்காத்துல வழக்கம் இல்லை. எனக்கு முகம் வேணும்னா கேட்டேன்? அம்மா போயிட்டாளே, இனிமே இதைப் பாக்க இங்க வர முடியுமோ முடியாதோன்னு பயந்துண்டு கேட்டேன்."

சுகந்திக்கு அழுகை வந்தது, அடக்கத் தோன்றவில்லை. நீலகண்டன் ஜன்னல் பக்கம் போய் ஏற்கெனவே துடைத்த கம்பியைத் துடைத்தார். அகிலா அம்மன் காலடியில் தட்டில் இருந்த நோன்புச் சரடு ஒன்றை எடுத்தாள், நடுவில் பூ வைத்துக் கட்டிய மஞ்சள் நூல், பூஜை முடிந்ததும் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கட்டிவிடுவது. அதை மன்னியின் மஞ்சள் கையில் வைத்து, தன் வலது கையை நீட்டினாள். "அம்மாதான் கட்டுவா. அவ போனதுலேர்ந்து ஒருத்தரும் கட்டலை எனக்கு."

சுகந்தி கண்ணீரில் ஒன்றும் தெரியாமல் தடவித் தடவி நூலைச் சுற்றினாள். முடிச்சு நழுவியது, மறுபடி போட்டாள்.

"இறுக்கிப் போடு மன்னி," என்றாள் அகிலா, "அவுந்துடப் போறது."